எங்கள் செவ்வாய்க்கிழமைத் தவமணி

என் மூத்த பேரன் குணாளனுக்குப் பாலிடெக்னிக்கில் மின்சாரம் படிக்க இடம் கிடைத்துவிட்டது. இரண்டாவது மகன் வழிப் பேத்தி சாந்தி தேவாரப் போட்டியில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்து, அடுத்த மாதம் குவாந்தானுக்குப் பாடப் போகிறாள். அவள் தம்பி தினகரன் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுச் சோதனையில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிவிட்டான். நான் படிப்பை நிறுத்தியது அந்த ஐந்தாம் வகுப்பில்தான். மூத்த மகளின் பெண் கலைவாணி ஐந்தாம் படிவத்தில் முதல் நிலையில் தேறி, ஈப்போவில் ஆறாம் படிவம் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் ஆறாம் படிவத்து வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

இதையெல்லாம் தீபாவளிக்கு எங்கள் லயத்துப் பெண் தவமணி ஈப்போவிலிருந்து வரும்போது சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தேன். மற்றவர்களிடம் சொன்னால் "அப்படியா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தங்கள் பேரன் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். தவமணி மட்டும்தான் "கணக்குல என்ன பெரியம்மா? மலாய்ல என்ன?" என்று பாடம் பாடமாகக் கேட்பாள்.

ஒரு நாள் காலையில் தவமணியின் தாய் பாக்கியத்திடம் கலைவாணியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பியருகே நின்றோம். ஆபீசிலிருந்து கணக்கெழுதும் பெரிய கிராணி எங்கள் லயத்தைப் பார்த்து நடந்து வந்தார். ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புவாரே தவிர அவர் லயத்துக்கு நடந்து வருகிறவர் இல்லை. "என்னக்கா, கிராணி நடந்து வராரு, மோட்டார் கெட்டுப்போச்சா?" என்று பாக்கியம் சிரித்தாள். அவர் வந்து நின்று, ஈப்போவிலிருந்து அவள் மருமகன் போன் செய்ததாகச் சொன்னார். தவமணி விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. சிறுநீரகக் கோளாறாம், மாதக் கணக்காக வைத்தியமாம். இங்கே ஒருவருக்கும் தெரியாது. பெற்றவளுக்கே "உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்ற அளவில்தான் தெரியும். பாக்கியம் கம்பியில் போட்ட ஈரத் துணியை மறுபடி எடுத்து மறுபடி பிழிந்தாள்.

தவமணியின் முப்பதாம் நாளுக்குத் தோட்டத்து இளைஞர் மன்றம் போடுகிற சிறு நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். அவளைப் பிறந்த நாளிலிருந்து தெரிந்தவள் என்பதால் கேட்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் என் காரியமும் ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கலைவாணி சனிக்கிழமைகளில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய், வாசிக்கத் தடுமாறும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க விரும்புகிறாள். அவளோடு படிக்கும் சிலர் போகிறார்களாம், சம்பளம் கிடையாதாம். அவள் அப்பா, பரீட்சை முடிகிற வரை இந்தப் பேச்சே கூடாது என்கிறார். ஆறாம் படிவப் பரீட்சை போனால் பல்கலைக்கழகமும் போய்விடும். "நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார் பாட்டி" என்று கலைவாணி எனக்கு எழுதியிருந்தாள். நான் பதில் போடவில்லை. தீபாவளிக்குத் தவமணி வருவாள், அவளிடம் கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அவள் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரிந்திருக்குமா என்று இப்போது யோசிக்க யோசிக்கச் சந்தேகமாக இருக்கிறது. அவளை அறிந்த நீங்களும் என்னோடு சேர்ந்து யோசியுங்கள்.

பாக்கியமும் நானும் ஒரே கும்பலில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். அவள் புருஷன் மாணிக்கத்துக்குக் கவ்வாத்து வேலை. வயதான தேயிலைச் செடியை வளைந்த கத்தியால் மட்டம் பார்த்து வெட்டுவார். தவமணி அவர்களுக்கு ஒரே பிள்ளை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்து, மலாய் வழிப் படிப்புக்குப் பழக ரிமூவ் கிளாசில் ஒரு வருஷம் இருந்து, டவுன் இடைநிலைப் பள்ளிக்குப் போனாள். அப்போது எங்கள் லயத்திலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன பெண் பிள்ளை வேறு யாரும் இல்லை.

அவள் நாலாம் படிவம் படித்தபோது செவ்வாய்க்கிழமைதோறும் பாடம் முடிந்தபின் பள்ளியில் விளையாட்டோ என்னவோ இருந்தது. அது முடிவதற்குள் தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிவரும் லோரி புறப்பட்டுவிடும். அடுத்து நாலு மணிக்குச் சாமான் லோரிதான். அதுவரை உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும். கடை வாசலில் பெண் பிள்ளை எவ்வளவு நேரம் நிற்பது, நம் மலையில் மழை வேறு. டவுன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான பெஞ்சு இருந்தது, நல்ல வெளிச்சம் இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது. அங்கே போய்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள்.

பிற்காலத்தில் யாராவது அவளைப் புண்ணியவதி என்று புகழ்ந்தால் இதைத்தான் சொல்லுவாள். "நான் ஒண்ணும் ஒதவி செய்யப் போகல லா. படிக்கத்தான் போனேன். நீங்கதான் மேல வந்து விழுந்தீங்க."

மேலே விழுந்தது உண்மைதான். காய்கறி வாங்குகிற மலாய் எங்களுக்கு வரும். கியா பார்ம் சந்தையில் விலை கேட்போம், குறைக்கச் சொல்லுவோம். அடிவயிற்றில் சுருக்கென்று பிடித்து முதுகுக்குப் போகிறது என்பதை அந்த மலாயில் எப்படிச் சொல்வது? வயிற்றைத் தொட்டுக் காட்டுவோம். வயிற்றுக்கு மருந்து கொடுப்பார்கள். முதுகு அப்படியே இருக்கும். எங்கள் கும்பலில் இருந்த ராக்காயிக்குத்தான் இந்த வலி. வராந்தாவில் நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்று சீருடையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், என்ன ஏது என்று சொல்லாமல் கையைப் பிடித்து டாக்டர் முன்னால் இழுத்துப் போய் நிறுத்திவிட்டாள். தவமணி சொன்ன பிறகு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். பித்தப்பையில் கல். ஈப்போவுக்கு அனுப்பி எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் செவ்வாய்க்கிழமை பார்த்துப் போனார்கள். செவ்வாய்க்கிழமைத் தவமணி என்றே அவளுக்குப் பேர் விழுந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பள்ளியில் சோதனை என்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மறுநாள் ராக்காயி நேராகப் பெரிய கிராணியிடம் போய், அந்தப் பெண் நேற்று வேலைக்கு வரவில்லை என்று பிராது சொன்னாள். எந்தப் பெண், எந்த வேலை என்று கிராணி ஆள் கணக்கு எழுதும் செக்ரோலைப் புரட்டியிருக்கிறார். அதில் அவள் பேர் எங்கே இருக்கும்? "யாரு போட்டா அவள வேலைக்கு?" என்று கேட்டாராம். ராக்காயிக்குப் பதில் தெரியவில்லை. அதை அவள் கொழுந்து மலையில் வந்து சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தோட்டத்தில் ஒருவர் ஒரு வேலையைச் செய்தால் அவர் பேர் செக்ரோலில் இருக்கும், மேலே வேலை வாங்க ஒரு மண்டோர் இருப்பார். இந்தப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. கட்சி அவளை வேலைக்கு வைத்திருக்கிறது என்றார் ஒருவர். யூனியனில் நிற்கப் போகிறாள் என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியே சம்பளம் கொடுக்கிறது, பாக்கியம் வெளியே சொல்வதில்லை என்றுகூடப் பேச்சு வந்தது.

நான் சுற்றி வளைக்காமல் அவளிடமே கேட்டேன்.

"சம்பளம் யாரும்மா குடுக்குறா?"

"யாரும் குடுக்கல பெரியம்மா."

"அப்ப எதுக்குச் செய்ற?"

அவள் உண்மையிலேயே யோசித்தாள். பிறகு, "லோரி நாலு மணிக்குத்தானே லா வருது" என்றாள்.

இது ஒரு பதிலா? கலைவாணியின் அப்பாவிடம் நான் இதையா சொல்ல முடியும்?

ஆனால் ஐந்தாம் படிவத்துக்குப் போனதும் ஒரு விஷயத்தில் அவள் கறாராக இருந்தாள். லோரியில் வந்து இறங்கிவிட்டால் அப்புறம் அவள் ஐந்தாம் படிவத்துப் பிள்ளை. வீட்டுக்கு வந்து கூப்பிட்டால் வரமாட்டேன், அது படிக்கிற நேரம் என்று சொல்லிவிட்டாள். சொன்னது அவள், காவல் நின்றது பாக்கியம். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "புள்ள படிக்குது, செவ்வாக்கெழம பாத்துக்க" என்று எல்லாரையும் திருப்பி அனுப்புவாள். சில பேருக்கு அது பிடிக்கவில்லை. தருமமாகச் செய்கிறவள் நேரம் பார்த்தா செய்வாள் என்று கேட்டார்கள். எனக்கும் அப்போது அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. சங்கு ஊதினால் கூடையை இறக்குவது சம்பளக்காரர்கள் நாங்கள். சும்மா செய்கிறவளுக்கு எதற்குச் சங்கு?

இதிலிருந்துதான் பின்னால் நடந்த காரியம் வந்தது. செவ்வாய்க்கிழமை வரை பொறுத்துக்கொள்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வந்த காது வலி, சனிக்கிழமை வந்த வயிற்றுப்போக்கு எல்லாம் தவமணிக்காக வரிசையில் நின்றன. "நம்ம லயத்துக் காய்ச்சலுக்குக்கூட நாள் கெழம தெரியுது பாத்தியா" என்று ராக்காயி சொல்ல, நாங்கள் மலை முழுக்கச் சிரித்தோம். தவமணிக்கு இது தெரியாது. நம் ஆட்களுக்கு ஏன் செவ்வாய்க்கிழமையே நோவு வருகிறது என்று அவள் வீட்டில் கேட்டாளாம். பாக்கியம் வந்து சொன்னாள். அதற்கும் சிரித்தோம்.

அவள் ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு இரண்டு மாதம்போல இருக்கும்போது, என் கடைசி மகன் கோபாலுக்குக் காதில் சீழ் வைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே பெஞ்சில் மாணிக்கம் உட்கார்ந்திருந்தார். காலில் ரப்பர் பூட்ஸ். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தவமணி பள்ளியிலிருந்து வந்து அப்பாவை அங்கே பார்த்ததும் எதுவும் கேட்காமல் உள்ளே அழைத்துப் போனாள். எங்களையும் கூடவே கூப்பிட்டார்கள்.

பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. வெட்டித்தான் எடுத்தார்கள். பாதத்தில் கவ்வாத்துக் கத்தி இறங்கி, புகையிலை வைத்துக் கட்டி, கட்டின துணியோடு கால் வீங்கிக் கறுத்துப் போயிருந்தது. நாற்றத்தில் நான் கோபாலின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். குளிர் என்று சொல்லி மாணிக்கம் வீட்டில் காலுறையைக் கழற்றாமலே இருந்திருக்கிறார். அந்தக் காலோடு வேலைக்கும் போயிருக்கிறார்.

டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். தவமணி தமிழில் கேட்டாள். "அப்பா, எப்ப வெட்டுச்சுன்னு கேக்குறாங்க."

"நேத்து."

அவள் சொன்னாள். டாக்டர் காலைப் பார்த்து, அவரைப் பார்த்து, சத்தம் போட்டார். நிறையப் பேசினார். வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். அன்று ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. "இது நேத்து வெட்டுனதில்லையாம். கால எடுக்க வேண்டி வந்தா வரலாமாம். இத்தன நாளா வீட்ல வச்சுக்கிட்டு என்ன செஞ்சேன்னு கேக்குறாரு."

மாணிக்கம் தரையைப் பார்த்தபடி சொன்னார். "வெள்ளிக்கெழம வெட்டுச்சு. ஒனக்குப் பரிச்ச வருது. வீட்ல சொன்னா புத்தகத்தப் போட்டுட்டு வந்துருவ. எப்படியும் செவ்வாக்கெழம நீ இங்கதானே இருப்பன்னு இருந்துட்டேன். அதச் சொல்லு அவருக்கு."

தவமணி அதைச் சொல்லவில்லை. டாக்டர், என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று இரண்டு முறை கேட்டிருப்பார். கடைசியில் இங்கிலீஷில் ஏதோ ஒன்று சின்னதாகச் சொன்னாள். டாக்டர் அதற்கப்புறம் சத்தம் போடவில்லை. என்ன சொன்னாள் என்று பிற்பாடு பல தடவை கேட்டேன். பேச்சை மாற்றிவிடுவாள். இனிமேல் எனக்குத் தெரியப் போவதும் இல்லை.

கால் தப்பியது. ஒரு விரல் போனது. மாணிக்கம் படுத்திருந்த வாரங்களில் அவள் தினமும் பள்ளி முடிந்து அவர் கட்டிலருகே உட்கார்ந்து படித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கூப்பிட்டால் மட்டும் எழுந்துபோய்ப் பேசிவிட்டு வருவாள். அப்பாவிடம் அதிகம் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை.

அவர் வீடு திரும்பின மறுநாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியம்மா, உண்மையச் சொல்லுங்க. எத்தன பேரு இப்படிக் காத்துக் கெடந்தீங்க?"

எல்லாரும்தான் என்றேன். கோபாலையும் சனிக்கிழமையிலிருந்து வைத்திருந்தேன் என்றேன்.

"நான் அங்க ஒக்காராம இருந்திருந்தா அப்பா வெள்ளிக்கெழமையே போயிருப்பாரு."

"போயிருப்பாரு. ராக்காயி கல்லோடவே செத்துருப்பா."

"அப்ப நான் இருந்தது நல்லதா, கெட்டதா?"

சமாதானமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தேன். குடிக்காமலே போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். செவ்வாய்க்கிழமை வராந்தாவில் ஆள் இல்லை. சிலர் முன்போலக் கையைக் காட்டி மருந்து வாங்கி வந்தார்கள். சிலர் போகவே இல்லை. பரீட்சைக்காரி ஒதுங்கியது சரிதான் என்று பாதி லயம் சொன்னது, பாதி லயம் முணுமுணுத்தது. பாக்கியத்துக்கு நிம்மதி, ஆனால் மகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று என்னிடம் வந்து கவலைப்பட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலை. வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நாங்கள் கூடையோடு நிற்கிறோம். பள்ளிச் சீருடையில் தவமணி வந்து மண்டோரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு, எங்கள் முன்னால் நின்றாள்.

"வாரத்துல ஒரு நாளு நான் ஆஸ்பத்திரியில இருப்பேன். எந்த நாளுன்னு சொல்ல மாட்டேன். எங்கம்மாவுக்கும் தெரியாது. நோவு வந்தா அன்னிக்கே போங்க. நான் இருந்தா பேசுறேன். இல்லாட்டி கையக் காட்டுங்க."

ராக்காயிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்டி, ஒதவி செய்றவ நாளச் சொல்லிட்டுச் செஞ்சா கொறஞ்சா போயிருவ?"

"காய்ச்சலுக்கு நாள் தெரியாது சித்தி. ஒங்களுக்கும் தெரியாம இருக்கட்டும்."

சொல்லிவிட்டு லோரிக்கு ஓடிவிட்டாள். இப்படி ஒரு உதவியை யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? அவள் டவுனில் தங்குகிற நாளில் காலையில் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவாள் என்று ராக்காயி கண்டுபிடித்துவிட்டாள். காலையில் லோரி ஏறும் இடத்தில் அவள் கையைப் பார்க்க ஆள் நிற்கும். சட்டி இருந்தால் செய்தி லயம் லயமாகப் பறக்கும். இது தவமணிக்குத் தெரிந்ததும் தினமும் சட்டியோடு போக ஆரம்பித்தாள். பாதி நாள் அதில் ஒன்றும் இருக்காது என்று பாக்கியம் பிறகு சொன்னாள். வேறு வழியில்லாமல் நாங்கள் நோவு வந்த அன்றைக்கே போகப் பழகினோம். அவள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

பரீட்சை முடிவு வந்தது. தேறிவிட்டாள், இரண்டாம் நிலை. முதல் நிலை வரும், ஆறாம் படிவம் போவாள் என்று அவள் ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். அது நடக்கவில்லை. மலாயில் மட்டும் மிக நல்ல புள்ளி. லயத்தில் இது பெரிய வழக்காகிவிட்டது. ஆஸ்பத்திரிதான் அவள் முதல் நிலையைத் தின்றது என்றது ஒரு பக்கம். ஆஸ்பத்திரியில் பேசிப் பேசித்தான் மலாயில் அந்தப் புள்ளி என்றது இன்னொரு பக்கம். அப்பாவின் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த வாரங்களை யார் கணக்கில் சேர்ப்பது என்று நான் கேட்டேன். அவளிடமே ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"எனக்கும் தெரியல பெரியம்மா. ரெண்டும் இருக்கலாம்."

வருத்தமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்றுகூட என்னால் பிரித்தறிய முடியவில்லை. அந்த மலாய்ப் புள்ளியால்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பார்கள். அங்கிருந்து விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வராந்தாவில் இருப்பாள். ஈப்போவில் ஆசிரியையாகி, கல்யாணம் முடித்த பிறகும் அப்படித்தான். மாணிக்கம் இறந்த வருஷம் மட்டும் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

ஈப்போவில் அவளை எடுக்கும்போது அவளிடம் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டு வாசலில் திடீரென்று போய் நிற்பாளாம். என்றைக்கு வருவாள் என்று தெரியாததால் மட்டம் போடவே பயம் என்று ஒரு பையன் அழுதுகொண்டே சொன்னான். அவள் கணவர் ராஜரத்தினம் சாரிடம், எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள்தான் தடுத்தாளாம். "சொன்னா எல்லாரும் லோரி புடிச்சு ஒரே நாள்ல வந்து நிப்பாங்க. அவங்க வேலை கெட்டுப்போகும்" என்றாளாம். அதைக் கேட்டுச் சிலர் அழுகையோடு சிரித்தார்கள்.

பாக்கியம் சிரிக்கவில்லை. "ஊருக்கு நாளச் சொல்லாட்டிப் போவட்டும்க்கா. பெத்தவளுக்காவது சொல்லிருக்கலாம்" என்றாள்.

தவமணி செய்த எல்லாவற்றிலும் ஒரு பக்கம் நியாயம் இருக்கிறது, இன்னொரு பக்கம் யாரோ ஒருவர் அடிபட்டு உட்கார்ந்திருக்கிறார், மாணிக்கத்தைப்போல, இப்போது பாக்கியத்தைப்போல.

முப்பதாம் நாள் நெருங்குகிறது, கலைவாணி பதிலுக்குக் காத்திருக்கிறாள். தவமணியைப்போல நாளைச் சொல்லாமல் போ என்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். எழுதும்போதே சரியில்லை என்று தெரிந்தது. பாடம் படிக்க வருகிற பிள்ளைகள் எந்த நாளென்று தெரியாமல் எப்படி வந்து உட்காரும்? பரீட்சை முடியட்டும் என்று எழுதலாமென்றால், அன்று தவமணி பேசியதால் பிழைத்த ராக்காயி எதிரே நடந்து போகிறாள். போ, பரீட்சை கடவுள் விட்ட வழி என்று எழுதினால், ஆறாம் படிவம் போகாமல் போன தவமணியின் முகம் வருகிறது. இரண்டு தாளைக் கிழித்தேன்.

கடைசியில் இப்படி எழுதினேன். போ. ஆனால் நீ போவதால் அந்தப் பிள்ளைகள் எதையாவது செய்யாமல் உனக்காகக் காத்துக் கிடக்கிறார்களா என்று அவ்வப்போது அவர்களையே கேள். உன் புத்தகம் உனக்காகக் காத்துக் கிடக்கிறதா என்று உன்னையும் கேட்டுக்கொள். கிடக்கிறது என்று தெரிந்தால் வெட்கப்படாமல் நிறுத்து, வேறு மாதிரி செய்ய முடியுமா என்று பார், முடிந்தால் மறுபடி போ. உன் அப்பாவிடம் இதை நான் சொன்னதாகச் சொல்.

அன்று தவமணி என் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்விதான் இது. "எத்தன பேரு இப்படிக் காத்துக் கெடந்தீங்க?" அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். அவள் பேசிய மலாயும் இங்கிலீஷும் எனக்கு வராது. கேள்வி தமிழில் இருந்ததால் வைத்துக்கொள்ள முடிந்தது. கலைவாணிக்கு அது உதவுமா, பரீட்சையைக் கெடுக்குமா, எனக்குத் தெரியவில்லை. கடிதத்தைப் போட்டுவிட்டேன்.

ராஜரத்தினம் சாருக்கு ஒரு வார்த்தை. மலரின் முன்பக்கத்துக்கும் முப்பதாம் நாள் சாமி கும்பிடுவதற்கும் எங்களிடம் தவமணியின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஐந்தாம் படிவப் பரீட்சைக்குப் பேர் கொடுக்க டவுன் ஸ்டூடியோவில் எடுத்தது. மாணிக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் எடுத்த படம் அது. கண்ணெல்லாம் உள்ளே போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாக்கியம் அதைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். அதற்கு மாலை போட எங்கள் யாருக்கும் கை வரவில்லை, அந்தப் பிள்ளை இன்னும் பரீட்சையே எழுதவில்லை. நீங்கள் பார்த்த தவமணியின் படம், பிற்காலத்தில் எடுத்தது, சிரிக்கிற மாதிரி ஒன்று இருந்தால் தயவுசெய்து அதைத் தபாலில் போடுங்கள்.